தோர்த்துக்கு உள்ள உரிமை

'சுகிர்தபாய். பெண். வயது முப்பத்துமூன்று. மணமானவர். சம்பாதிக்காத சார்பாளர்.'

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த ஆரம்பப் பள்ளி வாத்தியார் இப்படி எழுதிக்கொண்டு போனார். சம்பாதிக்காத சார்பாளர் என்றால், இன்னொருவர் உழைப்பில் சாப்பிடுகிறவர் என்று பொருள். வாத்தியார் பொய் எழுதும் மனிதர் அல்ல. அவர் வந்த நேரத்தில் சுகிர்தபாய் வீட்டில் இல்லை. கும்பப்பூ அறுப்புக்கு வயலில் நின்றார். வீட்டில் இருந்தவர் கணவர் வேதமணி. ஆகவே கேள்விகளுக்கு அவர் பதில் சொன்னார். மனைவிக்குத் தொழில் என்ன என்று கேட்டபோது, "அவளுக்கு என்ன தொழிலு, வீட்டுல உண்டு" என்றாராம். வயலுக்குப் போனதால் வீட்டில் இல்லாத பெண், வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதவராக அரசாங்கத்தின் கணக்கில் ஏறினார். வீட்டில் உட்கார்ந்து பதில் சொன்னவர் 'சொந்த நிலத்தில் பயிர் செய்பவர்' ஆனார்.

அந்த நிலம் பாறசாலைப் பக்கம், கொல்லயிலுக்குத் தெற்கே, கீழ்க்குளத்து ஏலாவில் இருந்தது. இரண்டு பக்கமும் தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் நிற்கும் மேட்டு விளைகள். நடுவே தாழ்ந்து கிடக்கும் வயல் பரப்புக்கு ஏலா என்று பேர். தலைமாட்டில் ஒரு குளம். ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூவை மழை பார்த்துக்கொள்ளும். கும்பப்பூ குளத்துத் தண்ணீரை நம்பியது. இங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். குளத்தில் கணுக்கால் அளவு கிடந்தாலும் அது வெள்ளம்தான். கள்ளிக்காட்டில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கால்வாய் அடுத்த வருஷம் வந்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். அது வரும்வரை குளத்து மடையும் மடைக்காரர் தங்கப்பனும்தான்.

மடையில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர். தங்கப்பன் வீட்டுக்காரன் பேரைச் சொல்லி விளிப்பார். அப்போது அந்த ஆண் மடையருகில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆள் வெளியூர் போயிருந்தாலோ, படுக்கையில் கிடந்தாலோ, அவன் தோளில் போடும் தோர்த்துத் துண்டைக் கொண்டுவந்து மடையில் நட்டிருக்கும் மரக்குற்றியில் கட்டினால் போதும்; தோர்த்து அவனுக்குப் பதிலாக நிற்கும். அதைக் கொண்டுவந்து கட்டுவது பெண்ணாக இருக்கலாம். ஆனால் தோர்த்து இல்லாமல் அந்தப் பெண் நின்றால் அது யாரும் நிற்காததற்குச் சமம். ஒரு காலத்தில் முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியால் மண்டையைப் பிளந்துகொண்டார்களாம். அந்த இடத்தில் பெண்கள் நின்று அடிபடக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு என்பார்கள். பெண்களைக் காப்பாற்றத்தான் வைத்தார்கள். நன்றாகவே காப்பாற்றியது. ஏலாவில் எந்தப் பெண்ணும் தண்ணீருக்காக அடிபடவில்லை. எந்தப் பெண்ணுக்கும் தண்ணீரும் இல்லை.

வேதமணியைச் சோம்பேறி என்று சொன்னால் அது அநியாயம். விடிந்தது முதல் இருட்டும்வரை அவருக்கு வேலை இருந்தது. ஏழாம் வகுப்பு வரை படித்தவர், முத்து முத்தான கையெழுத்து. தமிழில் எழுதிக் கொடுத்த மனு தாலுகா அலுவலகத்தில் அடியில் போய்க் கிடக்கும் என்று தெரிந்தும், வந்து கேட்ட எல்லோருக்கும் தமிழில் மனு எழுதிக் கொடுத்தார். மலையாள அரசின் கீழ் இருந்த தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் பாறசாலைப் பக்கத்துக்கு அவர்தான் ஓடியாடும் ஆள். அவர் சொன்ன குறைகளில் ஒன்றுகூடக் கற்பனை இல்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாடமும் ஞாயிறு பள்ளியில் தமிழ் வேதாகமமும் படித்த பிள்ளைகள் வளர்ந்து, தமிழில் கும்பிட்டு மலையாளத்தில் கெஞ்சினார்கள். இதற்கு ஒரு முடிவு வர வேண்டும் என்று அவர் நினைத்தது தப்பில்லை. வயலுக்கு எப்போது வருவீர்கள் என்று மனைவி கேட்டால், "எல்லைக் காரியம் ஒண்ணு முடியட்டு" என்பார். நாட்டின் எல்லை தீர்மானமாகும்வரை வரப்பைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில், தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த அந்த நாட்களில், பாறசாலையில் சாலை மறியல் செய்து கைதானார். திருவனந்தபுரத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சுகிர்தபாய் அழுதார். பிறகு கன்னிப்பூவை அறுத்தார், கும்பப்பூவுக்கு நாற்றுப் பாவினார். கார்த்திகையில் மடை திறந்தபோது வேதமணியின் தோர்த்தைத் துவைத்து, உலர்த்தி, எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனார்.

தங்கப்பன் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"வேதமணிக்க தோர்த்துதானா இது?"

"சந்தேகம் உண்டெங்கி ஜெயிலில போய் கேட்டுக்கிடுங்க அண்ணா."

நின்றவர்கள் சிரித்தார்கள். தோர்த்து குற்றியில் ஏறியது. தண்ணீர் வந்தது.

வந்ததே தவிர, போய்ச் சேர்ந்ததில் பாதி. குளத்திலிருந்து வயல் வரைக்கும் நீளமான மண் ஓடை. எட்டு நாள் காய்ந்து வெடித்த ஓடை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும்; மீந்ததுதான் வயலுக்கு. ஓடை நனைந்து முடிந்து தண்ணீர் ஓடத் தொடங்கும்போது முறையும் முடிந்துவிடும். இது எல்லா வீட்டுக்கும் உள்ள நஷ்டம். ஏலா முழுவதும் இதைத் தலைமுறையாகப் பார்த்து, வருத்தப்பட்டு, அப்படியே விட்டிருந்தது.

சுகிர்தபாயின் வயலை ஒட்டி இன்னும் இரண்டு வயல்கள். ஒன்று செல்லபாயினுடையது என்று சொல்லலாம். பத்திரத்தில் அவள் கணவன் பேர். அவன் தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவான். மற்றது பிரேமகுமாரியின் வயல். அவள் கணவன் போலீஸ்காரன். போராட்டக்காரர்களை அடித்து வண்டியில் ஏற்றும் கூட்டத்தில் அவனும் இருந்தான், வடக்கே எங்கோ முகாமில். ஆக, பிடிபட்டவனின் தோர்த்தும் பிடிக்கப் போனவனின் தோர்த்தும் ஒரே குற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டு தோர்த்துகளுக்கும் நடுவில் எந்தப் பிரச்சினையும் எழவில்லை.

மார்கழியில் செல்லபாய்க்குக் காய்ச்சல் கண்டது. "எனக்கு எழும்ப வய்யா அக்கா, எனக்க முறையையும் நீங்களே எடுத்துக்கிடுங்க, பிறகு பாப்போம்" என்று சொல்லித் தோர்த்தைக் கொடுத்துவிட்டாள். செல்லபாயின் முறை சுகிர்தபாயின் முறையை ஒட்டி வருவது. ஆகவே அன்று ஓடை ஒருதரம்தான் நனைந்தது. அதன்பிறகு ஓடியது முழுக்க வயலுக்கு. சுகிர்தபாயின் வயல் நிறைந்து, வழிந்து, பிரேமகுமாரியின் வரப்பை முட்டியது. பிரேமகுமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "சேச்சி, வெள்ளம் எனக்க வரப்பு வரை வாறத நான் இண்ணைக்காக்கும் காணுதேன்" என்றாள்.

அடுத்த சுற்றில் மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள். மூன்று முறையையும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஒரு வயலுக்கு. அடுத்த சுற்று அடுத்த வயலுக்கு. தண்ணீர் முறை சேர்ந்ததும் மற்றதும் சேர்ந்துகொண்டது. ஒருத்தியின் களையை மூவரும் பறித்தார்கள், ஒருத்தியின் பிள்ளையை மற்றவள் பார்த்துக்கொண்டாள்.

இதில் பெண்மையின் பெருந்தன்மை என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். சுகிர்தபாய்க்கும் செல்லபாய்க்கும் கோழி விஷயத்தில் வாரம் தவறாமல் சண்டை நடந்தது. ஆனால் தண்ணீர் முறையை விட்டுக்கொடுப்பதில் அவர்களுக்கு மானம் போகவில்லை, அவ்வளவுதான். முறை அவர்கள் பேரில் இல்லை. ஏலாவில் ஓர் ஆண் தன் முறையை இன்னோர் ஆணுக்கு விட்டுக்கொடுத்தால் அவன் தோற்றவன். அடுத்த தலைமுறைக்கும் அந்தப் பேச்சு நிற்கும். அண்ணனும் தம்பியும் ஒரு நாழிகைத் தண்ணீருக்காக நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வயலின் விலையைவிட அதிகம் செலவழித்திருக்கிறார்கள். தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுப்பது சுலபம். ஏலாவிலேயே சிக்கனமான பாசனம் நடந்ததற்குக் காரணம், அதை நடத்தியவர்களுக்கு அதில் ஒரு துளியும் பாத்தியதை இல்லை என்பதே.

கும்ப மாதத்தில், அறுப்பு நேரத்தில், விவசாய அலுவலர் மோகனன் சைக்கிளில் வந்தார். ஜப்பான் முறை நடவு பரப்ப வந்த இளைஞர், நல்லவர், வேலையில் ஆசை உள்ளவர். ஏலாவில் அங்கங்கே சதுரம் அளந்து கதிர் அறுத்து எடை போட்டார். மூன்று வயல்கள் மற்றவற்றைத் தூக்கி அடித்தன. அதிலும் முதல் வயல் வேதமணியின் பேரில் இருந்தது. மோகனன் சுகிர்தபாயிடம் விவரமாகக் கேட்டார். சுகிர்தபாயும் ஓடை நனையும் கதையைச் சொன்னார். மோகனன் தலையை ஆட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனால் மேலே அனுப்ப வேண்டிய தாளில் உழவர் பேருக்கு ஓர் இடம்தான் இருந்தது, அங்கே பத்திரத்தில் உள்ள பேரைத்தான் எழுத முடியும். விளைச்சலுக்குக் காரணம் என்ற இடத்தில் 'உழவரின் ஊக்கமும் முற்போக்கு மனப்பான்மையும்' என்று எழுதினார். அந்த ஊக்கமுள்ள உழவர் அப்போது சிறையில் கஞ்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பங்குனியில் போராட்டக்காரர்களை விடுவித்தார்கள். வேதமணிக்குப் பாறசாலை ரயில் நிலையத்தில் மாலை போட்டார்கள். சபை மண்டபத்தில் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். அதில் சுகிர்தபாய்க்கும் ஒரு வரி கிடைத்தது: கணவர் சிறையில் வாடிய காலமெல்லாம் கண்ணீரும் ஜெபமுமாய்க் காத்திருந்த உத்தமி. காத்திருந்த அந்த நாட்களில் பத்தாயத்தில் நெல் நிறைந்தது எப்படி என்று யாருக்கும் தோன்றவில்லை. வேதமணிக்கு மட்டும் தோன்றியது. பத்தாயத்தைத் திறந்து பார்த்து, "இவ்வளவா?" என்று கேட்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

மோகனனும் சும்மா இருக்கவில்லை. நல்லது ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு சங்கம் வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. கீழ்க்குளத்து ஏலாவுக்கு நீர்ப்பாசன சங்கம் ஒன்று தொடங்கினார். நிலம் யார் பேரில் உண்டோ அவர்கள் உறுப்பினர்கள். ஆகவே எல்லோரும் ஆண்கள். விளைச்சலில் முந்தியவர் என்பதால் வேதமணி தலைவர். எப்படி இவ்வளவு விளைவித்தீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது, கட்டுப்பாடும் ஒற்றுமையும் வேண்டும் என்று வேதமணி பேசினார். நல்ல பேச்சு. அதைக் கேட்டு உற்சாகமடைந்த சங்கம், கட்டுப்பாட்டுக்காக முதல் விதியை இயற்றியது: அவரவர் முறைத் தண்ணீர் அவரவர் வயலுக்கே, முறையை மாற்றவோ சேர்க்கவோ கூடாது, மீறினால் அபராதம். ஏலாவில் பலன் தந்த ஒரே ஏற்பாட்டைப் பாராட்டிக் கூடிய கூட்டம், அந்த ஏற்பாட்டைத் தடை செய்துவிட்டுக் கலைந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பெண்கள் மூவரும் செய்தது என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த மோகனன் வேறு ஏலாவுக்குப் போயிருந்தார்.

அது கன்னிப்பூக் காலம். மழை பெய்தது, ஒன்றும் தெரியவில்லை. புரட்டாசியில் மாநிலங்களைப் பிரிக்கும் கமிஷனின் முடிவு வெளிவந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரை தாலுகா இல்லை. வேதமணி எதற்காகச் சிறை போனாரோ அது கிடைத்துவிட்டது, அவருக்கு மட்டும் இல்லை. கோடு அவருடைய ஊருக்குத் தெற்கே விழுந்தது. களியக்காவிளையில் வெடி போட்ட சத்தம் அவர் முற்றத்தில் கேட்டது.

அதன்பிறகு அவர் கொஞ்சம் கடுமையானார். வென்ற மண் கைக்கு வராமல் போனதும், கையில் மிஞ்சிய மண்ணில் போரைத் தொடங்கினார். மிஞ்சியது பாசன சங்கம். சங்க விதிகளைத் தமிழில் எழுத வேண்டும், மடையில் முறை விளிப்பதும் தமிழில் வேண்டும் என்றார். தங்கப்பன் பிறந்தது முதல் மலையாளத்தில் விளிப்பவர். தமிழில் விளிக்கச் சொன்னால் பேர் மறந்துவிடும் என்றார். வாக்கெடுப்பில் வேதமணி தோற்றார். தலைவர் பதவியை விட்டு, மலையாளத்தில் விளிக்கிற தண்ணீர் தன் வீட்டுக்கு வேண்டாம் என்று எழுந்து சொன்னார். அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலையில் அவரவர் முறைக்குச் சத்தமில்லாமல் மடையில் வந்து நின்று தண்ணீர் வாங்கிக்கொண்டும் போனார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் வேதமணி ஒருவர்தான். அவர் நாணயமானவர் என்பதுதான் சுகிர்தபாய்க்கு வந்த கேடு.

கார்த்திகையிலும் மார்கழியிலும் அங்கங்கே தூறல் விழுந்து பயிரைப் பிடித்து நிறுத்தியது. தை பிறந்ததும் வெயில் ஏறியது. தண்டுக்குள் இருந்த கதிர் வெளியே எட்டிப் பார்த்தது. இனி பால் பிடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வேரில் ஈரம் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிரேமகுமாரி தன் வரப்பில் எலி துளைத்ததுபோல் ஒரு துளை வைத்து, தன் முறையில் சுகிர்தபாயின் வயலுக்குக் கொஞ்சம் கசிய விட்டாள். சங்கத்தார் அந்த எலியைக் கண்டுபிடித்து அவளுக்கு அபராதம் போட்டார்கள்.

சுகிர்தபாய் கணவரிடம் கேட்டார். கெஞ்சிக் கேட்டார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது வராது.

"கதிரு வெளிய வருது. ரெண்டு முறை வெள்ளம் கிட்டினா போரும். போய் ஒருக்கா நில்லுங்க."

"மலையாளத்துல விளிக்குத முறைக்கு நான் நிக்க மாட்டேன்."

"ஜெயிலில சோத்துக்கு மலையாளத்துலதானே விளிச்சினும்? அதுக்குப் போனியளே."

"அது ஜெயிலு. இது எனக்க சொந்த நிலமாக்கும்."

நிலம் அவருடையதுதான். பிறகு வேதமணி, "கொஞ்சம் வெள்ளம் தா, தொண்டை காயுது" என்றார். மேடையில் மட்டும் அவர் தண்ணீர் என்பார்.

அந்த வாரம் கமிஷன் முடிவை எதிர்த்துப் பாறசாலையில் ஓர் ஊர்வலம் போயிற்று. யாரோ எறிந்த கல் ஒரு பஸ்ஸின் கண்ணாடியில் விழுந்தது. எறிந்தது வேதமணி இல்லை. ஆனால் முன்னால் நடந்தவர் அவர் என்பதால் அவர் பேரில் வாரண்டு பிறந்தது. அவர் விளைகளுக்குள் மறைந்துகொண்டார். பகலில் ஒரு தென்னந்தோப்பு, ராத்திரி இன்னொரு வீடு. நண்பகலில் மட்டும் பின்பக்கத்து மரச்சீனித் தோட்டம் வழியாகத் தன் அடுக்களைக்குக் கஞ்சி குடிக்க வருவார். போலீஸ்காரர்களும் மனிதர்கள், உச்சிப்பொழுதில் அவர்களும் சாப்பிடத்தான் போவார்கள் என்பது அவர் கணிப்பு. அவர் எங்கே இருக்கிறார் என்று ஊருக்கெல்லாம் தெரியும். போலீசுக்கு மட்டும் தெரியாது.

அடுத்த முறை நாளில் சுகிர்தபாய் தோர்த்தை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார். தங்கப்பன் அதை வாங்கவில்லை.

"ஆளு ஊருல உண்டு பிள்ளே. நேத்தும் கண்டேன். ஆளு இருக்கப்போ தோர்த்துக்கு இஞ்ச என்ன காரியம்?"

"ஆளு வரமாட்டாரு அண்ணா."

"வரமாட்டேன்னா வேண்டாம்னு அர்த்தம். வேண்டாம்னு சொன்னவனுக்க முறைய அவனுக்க தோர்த்துக்கு நான் எப்பிடிக் குடுப்பேன்?"

"போன வருஷம் குடுத்தியளே."

"அப்ப அவன் ஜெயிலில கிடந்தான். வேண்டாம்னு அவன் சொல்லேல்ல, பிடிச்சிட்டுப் போயிட்டினும். அதுக்குத் தோர்த்து செல்லும்."

சுகிர்தபாய் தோர்த்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அவரு ஜெயிலில கிடந்தா எனக்கு வெள்ளம் உண்டு. வீட்டுக்கு வந்தா இல்ல. அப்படித்தானே?"

"முறை அதாக்கும்" என்றார் தங்கப்பன். சொல்லும்போது அவருக்குச் சங்கடமாகவே இருந்தது. விதி அவர் செய்ததில்லை. அவர் அதை மீறினால் நாளைக்கு அவரிடம் மடை இருக்காது. அடுத்த வீட்டுக்காரனின் பேரை அவர் விளித்தார். அவன் வந்து நின்றான். தண்ணீர் அவன் பக்கம் திரும்பியது.

செல்லபாயின் கணவன் அப்போது கிறிஸ்துமஸுக்கு வந்து திரும்பிப் போகாமல் இருந்தான். தேவிகுளம் கேரளாவுக்குப் போகப்போகிறது என்று கோபித்துக்கொண்டு தோட்டத்து வேலையை விட்டிருந்தான். ஆகவே அவனே மடையில் நின்றான், தன் முறையில் ஒரு துளி வெளியே விடவில்லை. செல்லபாய் வரப்பில் சுகிர்தபாயைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தாள். "வீட்டுல ஆளு உண்டு அக்கா" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். ஆள் இருப்பது என்ன சௌகரியம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த முறைக்கு முன் ஒரு நண்பகலில் வேதமணி அடுக்களையில் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மரச்சீனித் தோட்டத்துக்குள்ளிருந்தே நான்கு போலீஸ்காரர்கள் வந்தார்கள். முன்வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஓடுவதற்கு இடமில்லை. வேதமணி கைகழுவத் தண்ணீர் கேட்டார், சுகிர்தபாய் ஊற்றினார். "பேடிக்காதே, சீக்கிரம் வந்துருவேன்" என்றார் வேதமணி. மனைவிக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

முறை நாளில் தோர்த்து குற்றியில் ஏறியது. சங்கத்தார் கூடிப் பேசினார்கள். ஆள் சிறையில்தான் இருக்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தங்கப்பன் வேதமணியின் பேரை மலையாளத்தில் விளித்தார். பேருக்கு உரியவன் இல்லாததால் எதிர்ப்பும் இல்லை. தண்ணீர் வந்தது.

பழையபடி பாதி ஓடைக்குப் போயிற்று. மீந்தது வயலின் மேல்தலையை நனைத்தது. கீழ்ப்பாதியில் கதிர்கள் ஏற்கெனவே வெளுத்து நிமிர்ந்து நின்றன. பாரம் இல்லாத கதிருக்குத் தலை குனிய வேண்டிய அவசியம் இல்லை. அறுத்துக் களத்தில் தூற்றியபோது காற்று எடுத்துக்கொண்டு போனது அதிகம். மிஞ்சியதில் விதைக்கு ஒதுக்கியதும் சாப்பாட்டுக்கு ஒதுக்கியதும் அடுத்த ஆடிக்கு முன்பே தீர்ந்தன. மோகனன் அந்த வருஷமும் வந்து சதுரம் அளந்து அறுத்தார். விளைச்சல் குறைந்ததற்குக் காரணம், 'உழவர் சிறைப்பட்டதால் மேற்பார்வை இல்லாமை' என்று எழுதினார். முந்தின வருஷத்துத் தாளை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எழுதுவதற்கு வேறு இடம் அதில் இல்லை.

வேதமணியைக் காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் தேடியது. தேடவே வேண்டியதில்லை என்றும் பேசியது. பிரேமகுமாரியின் கணவன் போலீஸ். அவள் மலையாளம் பேசுகிறவள். வயல் பக்கத்தில் உண்டு, மரச்சீனித் தோட்டம் அவள் கண் முன்னால். கிணற்றடியில் அவளோடு யாரும் பேசாமல் ஆனார்கள். அவள் சுகிர்தபாயின் வீட்டுக்கு வந்து, "சேச்சி, நான் இல்ல. சேச்சிக்கெங்கிலும் தெரியாதா?" என்று கேட்டாள். சுகிர்தபாய் நெல் குத்திக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.  அவளுக்கு மட்டும் சொன்ன அந்த ஒரு சொல்லைக் கிணற்றடியில் போய் நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. பிரேமகுமாரி திரும்பி நடந்தாள். பிறகு பிறந்த ஊருக்கே போய்விட்டாள்; வயல் கைமாறியது.

வேதமணி சில மாதங்களில் வெளியே வந்தார். இரண்டாம் முறை மாலை இன்னும் பெரியது. காட்டிக்கொடுக்கும் கூட்டம் இருக்கும்வரை இந்த மண்ணில் தமிழன் தலை நிமிர முடியாது என்று பேசினார். பெண்கள் வரிசையில் முதலில் சுகிர்தபாயை உட்கார வைத்திருந்தார்கள். நவம்பரில் கோடு அமலுக்கு வந்தது. கேரளத்தில் இருக்க மாட்டேன் என்று வேதமணி வயலை விற்று, கோட்டுக்குத் தெற்கே கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கினார். அங்கே ஏலா இல்லை, மடை இல்லை, முறை விளிக்க ஆளும் இல்லை. தமிழ் தாராளமாக இருந்தது. சுகிர்தபாய் மீதிக் காலத்தில் நெல் நடவில்லை. கணவரோடு கடைசிவரை இருந்தார். அவர் எழுதிய மனுக்களைப் போலவே அவருடைய சட்டைகளையும் மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொண்டார். இரண்டாம் சிறையைப் பற்றி வேதமணி பேசும்போதெல்லாம் எழுந்து உள்ளே போவதும் இல்லை, குறுக்கே பேசுவதும் இல்லை.

ஐம்பத்தாறு தை மாதத்தில், தங்கப்பன் தோர்த்தை வாங்க மறுத்ததற்கு மறுநாள், சுகிர்தபாய் பாறசாலைக்குத் தனியாக நடந்து போய், தன் கணவர் எந்த நேரத்தில் எந்த வழியாகக் கஞ்சிக்கு வருவார் என்று போலீசாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.